அருள் யாருக்கு? தூய்மை எங்கே?

மதகுரு ஒருவர் ஒழுக்கம் தவறினால் அவரது கையால் பெற்ற திருமுழுக்குச் செல்லுமா? வட்டவளை, ஹட்டன் போன்ற மலையகத் தோட்டப் பகுதிகளிலும் பல்வேறு கிறிஸ்தவ சபைகள் இயங்கும் இன்றைய நாளில், தமது சபையே தூயது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் கூடவே எழுகிறது. ஆனால் இதன் வயது ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள்.

கி.பி. 303இல் உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, உயிருக்கு அஞ்சி வேதநூல்களைக் கையளித்த குருமாரும் இருந்தனர். அத்தகையோர் திருநிலைப்படுத்திய ஆயரை ஏற்க மாட்டோம் என வட ஆபிரிக்காவில் ஒரு பிரிவினர் கிளர்ந்தனர். இவர்களே தொனாத்தியர். தூய்மையற்றவரால் அருளை வழங்க இயலாது என்பது அவர்களது வாதம். அருளை வழங்குபவர் இறைவனே, குரு வெறும் கருவியே என மறுமொழி கூறினார் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தினார் (354-430). 411இல் கார்த்தேஜில் நடைபெற்ற விசாரணையில் தொனாத்தியர் தோற்றனர். அரச சட்டங்கள் அவர்கள் மீது பாய்ந்தன. அவ்வற்புறுத்தலை அகுஸ்தினாரும் ஆதரித்தார் என்பது வருந்தத்தக்கது.

பிரித்தானியாவிலிருந்து உரோமுக்கு வந்த பெலாஜியுஸ் வேறொரு வழக்கைத் தொடுத்தார். இறைவன் இயலாததைக் கட்டளையிடுவதில்லை. ஆகவே மனிதன் தன் சுயவிருப்பினாலேயே பாவமின்றி வாழ முடியும் என்றார். ஜென்ம பாவத்தால் அவ்விருப்பமே நலிந்துள்ளது, நன்மையை நாடுவதற்கும் அருள் வேண்டும் என்றார் அகுஸ்தினார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைப் பதிதம் எனத் தீர்த்தது.

இவ்விவாதம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. பெரும்பாவம் செய்தவன் முஸ்லிம் அல்லன் என்றனர் கவாரிஜ்கள்; அதனை ஏனையோர் ஏற்கவில்லை. மனிதனே தன் செயல்களைப் படைக்கிறான் என முஃதஸிலாக்கள் கூற, இமாம் அஷ்அரி (மறைவு 936) அதனை மறுத்தார். வைணவத்திலோ தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் உவமை காட்டினர்.

பெலாஜியுஸின் தோழர் செலஸ்தியுஸைக் கண்டித்த 431ஆம் ஆண்டு எபேசுச் சங்கமே நெஸ்தோரியுஸையும் கண்டித்தது. அவர் பெயரால் பதிதர் என அழைக்கப்பட்ட பாரசீகத் திருச்சபையினர் ஆறாம் நூற்றாண்டில் இலங்கையில் வழிபட்டு வந்தனர். அநுராதபுரத்தில் 1912இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை அவர்களுடையதாகவே பெரிதும் கருதப்படுகிறது. 1994இலோ பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் அத்திருச்சபையின் தலைவரும் ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டுக் கையொப்பமிட்டனர். இடையில் கழிந்தவை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்!

முயற்சியை மறந்த அருள் சோம்பலாகும். அருளை மறந்த முயற்சி செருக்காகும். அயல் லயத்தில் வசிப்பவரைப் பதிதர் என்றோ வழிதவறியவர் என்றோ ஒதுக்குமுன், அப்பட்டம் நீங்க எத்தனை தலைமுறைகள் செல்லும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.