மாட்டுப்பல் காத்துவைத்த சரித்திரம்

மாணிக்கவாசகர் அவதரித்த திருவாதவூரில் குதிரைக் கதை அறியாதவர் அரியர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை, அமைச்சராயிருந்த அவர் ஆலயத் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவனே நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தான் என்பது புராணம். வந்த பிராணி எந்த மண்ணில் பிறந்தது, எதைத் தின்று வளர்ந்தது என்று கண்டறிய அன்று வழியில்லை. இன்று உண்டு, அது பல்லைப் பரிசோதிப்பது.

மதுரை மாட்டுத்தாவணிக்குப் பெயர் தந்த சந்தை போன்ற இடங்களில் தரகர்கள் மாட்டின் முன்பற்களைப் பார்த்து, இரண்டு பல், நாலு பல், கடைசேர்ந்தது என வயதை நிர்ணயிப்பது வழக்கம். விஞ்ஞானிகள் நாடுவது கடைவாய்ப் பல்லின் எனாமலை. எலும்பு ஆயுள் முழுதும் புதுப்பிக்கப்படுவது. எனாமலோ இளமையில் உச்சியிலிருந்து வேர் நோக்கிப் படிப்படியாக உருவாகிப் பின் மாறாதிருப்பதால், அந்தந்தப் பருவத்துத் தீவனமும் நீரும் அதில் வரிசையாகப் பதிந்துவிடுகின்றன.

அப்பதிவைப் படிக்க உதவுபவை ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். கம்பும் சோளமும் வெப்பநாட்டுப் புற்களிற் பெரும்பாலானவையும் கார்பன்-13 என்னும் கனத்த அணுவை நெல்லைக் காட்டிலும் மிகுதியாக ஏற்கின்றன. ஆதலால் சோளத்தட்டை தின்ற மாட்டையும் வைக்கோல் தின்ற மாட்டையும் பல்லைக்கொண்டே பிரித்தறியலாம். குடித்த நீரின் தன்மையையும் பருவமாற்றத்தையும் ஆக்ஸிஜன் உணர்த்தும். பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பல்லுக்கும் செல்லும் ஸ்ட்ரான்ஷியம், மேய்ந்த பிரதேசத்தைச் சுட்டும்.

குஜராத்தின் கச்சுப் பிரதேசத்தில், கோட்டடா பாட்லி என்னும் சிந்துவெளிக் காலத்துக் கிராமத்தின் விலங்குப் பற்களைக் கல்யாண் சேகர் சக்ரவர்த்தியும் சகாக்களும் இம்முறையில் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். மாடுகளும் எருமைகளும் சிறுதானியத் தாவரங்களை மிகுதியாகத் தின்றிருக்க, ஆடுகளின் ஆகாரம் வேறுபட்டிருந்தது. மந்தைக்கேற்ற பராமரிப்பு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலவியதென்பது இதனால் தெளிவாயிற்று.

மதுரைக்கு அருகே கீழடியிலும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இப்பக்கத்து மண்ணில் கிடைக்கும் பழம்பல் ஒவ்வொன்றையும், கிடைத்த மண்ணடுக்கைக் குறித்துவைத்துப் பொன்னணிக்குச் சமமாகப் போற்ற வேண்டும். ஆனால் பல்லில் கண்ட ஐசோடோப்பு அளவு மட்டும் ஊரைச் சொல்லிவிடாது. ஒப்பிடுவதற்கு அந்தந்த ஊர்ப் புல்லும் நத்தை ஓடும் அளந்து வைக்கப்பட்டிருத்தல் அவசியம். பண்டைய மந்தை திருவாதவூரில் மேய்ந்ததா என்று அறிய விரும்புவோர், முதலில் திருவாதவூர்க் கண்மாய்க்கரையின் இன்றைய புல்லில் ஒரு பிடி பறித்து வரவேண்டும்.