உணவுக்குழாய்ப் புற்றுநோய்: தொடக்க நிலையில் எந்த அறுவைச் சிகிச்சை?

சோறு நெஞ்சில் நிற்கிறது என்று வருவோரிடம் எவ்வளவு நாளாக என்று வினவினால், "கஞ்சி இறங்குகிறதே என்று இருந்துவிட்டேன்" என்னும் விடையையே திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பலமுறை கேட்கிறோம். விழுங்குவதில் இடர் தோன்றும்போது நோய் பெரும்பாலும் ஆழம் சென்றிருக்கும். தொடக்க நிலையில் கண்டறியப்படுவோர் சிலரே. அதுவும் வேறு காரணத்துக்காகச் செய்த எண்டோஸ்கோப்பியில் தற்செயலாகத் தெரியவருவதே மிகுதி.

அச்சிலருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயின் ஆழமே முடிவு செய்கிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் உட்புறச் சளிச்சவ்வோடு புற்று நின்றிருந்தால், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு குறைவு. அந்நிலையில் மார்பைத் திறக்க வேண்டுவதில்லை. வாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, புற்றின் அடியில் திரவம் ஏற்றி அதனை மேலெழச் செய்து, அப்பகுதியை மட்டும் அகற்றுவர். உணவுக்குழாய் அப்படியே இருக்கும்.

அகற்றிய திசுவின் ஆய்வறிக்கை வரும்வரை சிகிச்சை முடிந்ததாகக் கொள்ளலாகாது. புற்று அடுத்த படலத்துக்குள் இறங்கியிருந்தால், உடல்நிலை இடந்தரும் நோயாளிக்குப் பெரும்பாலும் உணவுக்குழாயையே அகற்றப் பரிந்துரைக்கிறோம். "அப்படியானால் முதலில் செய்தது வீணா?" என்று குடும்பத்தார் கலங்குவர். வீணன்று, ஆழத்தை உறுதியாகச் சொல்வது அந்த அறிக்கைதான், ஸ்கேன் அன்று.

பெரிய அறுவையில் உணவுக்குழாயின் பெரும்பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் நீக்கி, இரைப்பையைக் குழாய்போல் அமைத்து மேலே இணைப்பர். 1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் இத்தகைய அறுவையைச் செய்தபோது, அப்பெண்மணி உடலுக்கு வெளியே ரப்பர்க் குழாய் பொருத்தியே பல்லாண்டு உண்டு வாழ்ந்தார். இன்று சிறு துளைகளின் வழியாகவும் இது இயலும். நோயாளியைக் குப்புறக் கிடத்தி, நுரையீரல் தானே விலகி வழிவிடுமாறு செய்த இத்தகைய 130 அறுவைகளின் அனுபவத்தைக் கோவை மருத்துவர் சி. பழனிவேலுவின் குழு 2006இல் வெளியிட்டது.

துளை சிறிதாயினும் அறுவை பெரிதே. இணைப்பில் கசிவு, நிமோனியா, குரல் கம்மல் ஆகியன நேரலாம். புகையிலையை உடனே நிறுத்துதலும் மூச்சுப் பயிற்சியும் நுரையீரலைக் காக்கும். இம்மருத்துவமனையில் ஆண்டுக்கு இத்தகைய அறுவை எத்தனை நடக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள், எங்களிடமும் கேட்கலாம்.

"இனிச் சோறு உண்ண முடியுமா?" என்பதே பலரின் முதற்கேள்வி. முடியும்; சிறிது சிறிதாக, நாளுக்கு ஆறு வேளை. உண்டவுடன் படுத்தல் கூடாது. இரவில் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் கருத்துக் கேட்கச் செல்வோர் அறிக்கைத் தாளோடு, பயாப்சி கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள்.