போன கை வலிக்குமா? ஸ்டான்லியில் படித்த டாக்டரின் கண்ணாடி வைத்தியம்!

மெஷினில் சிக்கி கையை இழந்தவர்கள், விபத்தில் கால் எடுக்கப்பட்டவர்கள் பலர் சொல்லும் ஒரு விஷயம் வீட்டில் உள்ளவர்களையே திடுக்கிட வைக்கும். "போன கை இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கு. விரல் மடங்கி நகம் குத்துது. உயிர் போகுது!" என்பார்கள்.

உடனே, 'அதிர்ச்சியில புத்தி பேதலிச்சுடுச்சு' என்று அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்து விடுவார்கள். அதற்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் இது பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை. வலி நிஜம். அதை உலகத்துக்குப் புரிய வைத்தவர்களில் முக்கியமானவர், நம்ம வடசென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன். பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி செய்தவர். 2007-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

கன்னத்தில் தொட்டால் கையில்!

கை இழந்த ஒரு வாலிபரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார் ராமச்சந்திரன். கன்னத்தில் மட்டுமல்ல, இல்லாத கையின் கட்டை விரலிலும் யாரோ தொடுவது போல அந்த வாலிபருக்குத் தெரிந்தது.

காரணம் என்ன? நம் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் தனி இடம் உண்டு. கைக்கான இடத்துக்குப் பக்கத்து இடம் முகத்துக்கு. கை போனாலும் அதற்கான இடம் மூளையில் அப்படியேதான் இருக்கும். காலியான அந்த இடத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் போல முகத்தின் உணர்ச்சி நுழைந்து விடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம்.

பெட்டிக்குள் ஒரு கண்ணாடி

1990-களில் அவர் செய்த வைத்தியக் கருவிக்கு கரண்ட் கூடத் தேவையில்லை. ஒரு அட்டைப்பெட்டி, நடுவில் நிற்க வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவுதான்!

இருக்கிற கையை கண்ணாடி முன்னால் வைத்து அசைத்தால், போன கையே திரும்பி வந்து அசைவது போலத் தெரியும். 'விரலை விரி' என்று மூளை போட்ட உத்தரவுக்கு இத்தனை நாள் பதில் இல்லை. இப்போது கண் வழியாகப் பதில் கிடைக்கிறது. பைக் விபத்தில் சிக்கிய ஒருவருக்கு 10 வருஷமாக மரத்துப்போனது போல இருந்த 'மாயக் கை', கண்ணாடியைப் பார்த்ததும் அசைந்தது.

2007-ல் அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர்கள், காலை இழந்த வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். தினமும் 15 நிமிஷம், 4 வாரம். கண்ணாடி பார்த்து பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கும் இப்போது பிசியோதெரபியில் கண்ணாடிப் பயிற்சி தரப்படுகிறது.

அடக்காதீங்க!

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. எப்படி வேலை செய்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. மாத்திரை, மற்ற சிகிச்சை தேவைப்படுபவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று நிச்சயம். கை, கால் இழந்தவர் 'வலிக்குது' என்றால், 'இல்லாத கை எப்படிப்பா வலிக்கும்?' என்று மடக்காதீங்க. நரம்பியல் டாக்டரிடமோ, பிசியோதெரபி பிரிவிலோ கூட்டிப்போய் காட்டுங்க.