கடலைப் பார்த்த காவல்

வேம்பாரில் எனக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர் அடையாள அட்டையைப் பாலித்தீன் பையில் சுருட்டி மடியில் செருகிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார். மும்பையை 2008இல் மீன்பிடிப் படகில் வந்து தாக்கியவர்களால் வந்த வினை அது. மரைன் போலீஸ் மறித்தால் அட்டையைக் காட்டவேண்டும், ஐஸ் பெட்டியையும் திறக்கவேண்டும். பெரும்பாலும் சூடை மீன்தான் இருக்கும்.

சோதனை இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் கடலடிப் பாரிலிருந்து அள்ளிய சிப்பியை வழியில் திறந்து முத்தை ஒளித்துவிடக் கூடாதென்று காவல் இருந்தது. கரையேறியதும் எண்ணிப் பிரிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மூச்சடக்கிக் குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. பார் ஓய்ந்தது, காவல் ஓயவில்லை.

ஆயுதக் கும்பலுக்கு அஞ்சும் இன்றைய காவலின் நூல் நியூயார்க் வரை நீள்கிறது. அணுப்பொருள் எந்தக் கும்பலின் கைக்கும் போய்விடாமல் ஒவ்வொரு நாடும் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2004இல் 1540ஆம் தீர்மானத்தில் சொன்னது. இந்தியா மறு ஆண்டே பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டத்தைக் கொண்டுவந்தது.

வேம்பார்ப் பக்கம் அணுப்பொருளுக்கு எங்கே போக? மணலில் இருக்கிறது. கார்னெட்டோடும் இலுமினைட்டோடும் கலந்து கிடக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு. அது நாளைக்கே குண்டாகிவிடும் சரக்கல்ல; உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக்கினால்தான் வம்பு. ஆனாலும் அணுசக்திச் சட்டம் அதை யாரும் இஷ்டத்துக்கு அள்ளவிடவில்லை. இந்த மணலின் மகிமை வெளியே தெரிந்த கதையே வேடிக்கை: 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டுகொண்டார். யாரும் கடத்தவில்லை, தானே ஒட்டிக்கொண்டு போனது.

நூறு வருஷத்துக்குப் பிறகு மணலை அள்ளுவது கயிற்றில் ஒட்டிப் போகிற அளவில் இல்லை. இலுமினைட், ரூட்டைல், சிர்கான் மூன்றும் 2007 முதல் அணுசக்திக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. மோனசைட் மட்டும் பட்டியலிலேயே நின்றது. கலந்து கிடக்கும் மணலில் ஒன்றை விட்டு மற்றதை மட்டும் அள்ள மண்வெட்டிக்குத் தெரியுமா? 2013 ஆகஸ்ட் 6 அன்று மாவட்ட ஆட்சியர் ஆஷிஷ் குமார் பக்கத்து வைப்பாற்றில் மணல் அள்ளும் இடங்களில் சோதனை போட்டார். உடனேயே அவருக்கு இடமாற்றம். செப்டம்பரில் இந்தத் தாதுமணலை எடுக்க மாநிலம் முழுக்கத் தடை வந்தது. தனியாருக்கு இந்த மணலை மத்திய அரசு முற்றாக மூடியது 2019இல்தான்.

கடல்வழியே எவனாவது வந்துவிடுவான் என்று வள்ளத்தைத் துழாவிய அத்தனை வருஷமும், சட்டம் காக்கச் சொன்ன பொருள் கரையிலேயே கிடந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தாதுமணல் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. மணல் அள்ளிய நிறுவனங்களிடமிருந்து 5,832 கோடி ரூபாயை வசூலிக்க அரசு எடுத்த நடவடிக்கையையும் ஏற்றது. வைப்பாற்றுச் சோதனை நடந்து அதற்குள் பதினொன்றரை வருஷம் ஓடிவிட்டது. வள்ளக்காரரின் அட்டையில் இருந்த முகம் உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. புது அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.