பேர் வைக்கிறதுக்கு முன்னாடி ஊசி!

எங்கள் ஆபீஸில் ஒரு பையன் இருக்கிறான். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். போன வாரம் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் பெண் பார்த்துவிட்டு வந்த களை.

“சார், முடிவு பண்ணிட்டேன்...”

“சந்தோஷம். பொண்ணு என்ன படிச்சிருக்கு?”

“ஐயோ, அது இல்லை சார். நாய்க்குட்டி! லேப்ரடார். ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வரப்போறேன். பேர்கூட வெச்சாச்சு... புரூனோ!”

“குட்டி பொறந்து எத்தனை நாள் ஆச்சு?”

“முப்பத்தஞ்சு நாள். சின்னதா இருந்தாத்தான் நம்மகிட்ட நல்லா ஒட்டும்னு விக்கிறவர் சொன்னார்.”

“ஊசி?”

“எல்லாம் போட்டாச்சாம் சார்!”

எனக்குச் சுரீரென்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இரண்டு வசனத்தை நானும் கேட்டிருக்கிறேன். நம்பியும் இருக்கிறேன்.

அப்போது நான் வாங்கிய குட்டிக்குப் பேர் சீசர். பேர் வைப்பதற்கே எங்கள் வீட்டில் மூன்று நாள் மாநாடு நடந்தது. மெத்தை வாங்கினேன், பெல்ட் வாங்கினேன், கீச்கீச் என்று கத்துகிற ரப்பர் எலும்பு வாங்கினேன். பித்தளை வில்லையில் ‘சீசர்’ என்று பொறித்துக்கூட வாங்கி வந்தேன். ஒன்றுதான் விட்டுப்போச்சு. டாக்டர்! ‘எல்லா ஊசியும்தான் போட்டாச்சே, அவருக்கு எதுக்கு வீண் பீஸ்?’ என்று கணக்குப் போட்டேன்.

நாலாம் நாள் சீசர் சாப்பிடவில்லை. சாயங்காலம் வாந்தி. “வயிறு மந்தமா இருக்கும், கொஞ்சம் மோர் ஊத்து” என்றாள் அம்மா. ஊற்றினேன். விடிந்ததும் ரத்தமாகக் கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவன் மறக்க மாட்டான். அப்புறம்தான் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

டாக்டர் முதலில் கேட்டது, “ஊசி போட்ட கார்டு எங்கே?”

“கார்டா..?”

விற்றவருக்கு போன் போட்டேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் சீசர் இல்லை. அந்தப் பித்தளை வில்லை இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

நோயின் பேர் பார்வோ. 1978 வாக்கில்தான் உலகத்துக்கே தெரியவந்த வைரஸ். உடம்புக்குள் நுழைந்து வேலையைக் காட்ட நாலு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாம். அதாவது, நான் காசு கொடுத்து வாங்கியபோதே சீசர் அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும். வைரஸை நேராகக் கொல்ல மருந்து இல்லை. ஆனால், வாந்தி தொடங்கிய உடனேயே டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்கிற குட்டிகள் நிறைய. நான் அந்த ஒரு ராத்திரியை மோருக்குக் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. “அப்ப நாயே வாங்கக் கூடாதா சார்?” என்றான்.

தாராளமாக வாங்கு! ஆனால், கொஞ்சம் உட்கார்ந்து கேள் என்றேன். நீங்களும் கேளுங்கள்.

கணக்கு இடிக்குதே!

முப்பத்தைந்து நாள் குட்டிக்கு ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்று யாராவது சொன்னால், அது பொய். எப்படி?

பிறந்தவுடன் குடிக்கிற தாய்ப்பாலிலிருந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது சில வாரம் காப்பாற்றும். ஆனால், அது உடம்பில் இருக்கும்வரை நாம் போடுகிற தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டு, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று என்று பதினாறு வாரம் வரைக்கும் தொடர்கிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அடுத்த வருஷம் மறுபடியும் பூஸ்டர். அஞ்சு வாரக் குட்டி இதையெல்லாம் எப்போது போட்டுக்கொண்டிருக்கும், தாய் வயிற்றிலா?

“அக்கவுன்ட்ஸ்ல இருக்கே... இந்தக் கணக்கு இடிக்கலையா?” என்றேன். தலையைச் சொறிந்தான்.

இன்னொன்று. 2017-ல் மத்திய அரசு போட்ட விதியின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. ‘சின்னதா இருந்தா ஒட்டும்’ என்பதும் கதை. அம்மாவோடும் கூடப்பிறந்ததுகளோடும் கட்டிப் புரளும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்தால் மீதிப் பாடம் உங்கள் முழங்கையில்தான்.

ஆகவே, எட்டு வாரம் ஆன குட்டி. தாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஊசி மருந்தின் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, டாக்டர் கையெழுத்துள்ள கார்டைக் கையில் வாங்குங்கள். பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் டாக்டர். குடல்புழு மருந்து எப்போதெப்போது என்று அவரே எழுதித் தருவார். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவிலும் பூங்காவிலும் இறக்கி விடாதீர்கள். அதற்காகப் பெட்டியில் பூட்டியும் வைக்காதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போய் பஸ் சத்தம், குக்கர் விசில், மீசைக்காரர், பர்தா, ஹெல்மெட் எல்லாம் காட்டுங்கள். முதல் மூன்றரை மாதத்தில் பார்க்காததைப் பார்த்துத்தான் பிற்பாடு நாய் மிரளும்.

எந்த ஜாதி?

சினிமாவில் பார்த்தேன் என்று ஹஸ்கி வாங்குகிறார்கள். சைபீரியப் பனியில் வண்டி இழுக்க உருவான நாய் அது. அதைக் கொண்டுவந்து கத்திரி வெயிலில் மொட்டைமாடி போர்ஷனில் கட்டிப்போடுவது பாவம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், மற்றபடி இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

நம்ம ஊரிலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வந்திருக்கிறது! ஆனால் இவையும் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. ஒற்றை ரூமில் அடைத்தால் உங்கள் சோபாவை வேட்டையாடும். தினம் ஒரு மணி நேரம் நடக்க உங்களால் முடியாதென்றால், நாய்க்கு முன்னால் ஒரு நல்ல செருப்பு வாங்கிப் பழகுங்கள்.

தட்டில் என்ன?

வெறும் தயிர்சாதம் போட்டு வளர்த்தால் குட்டி வளராது, வயிறுதான் வளரும். முட்டையோ எலும்பில்லாத கோழியோ சேர வேண்டும். மாட்டுப்பால் பல குட்டிகளுக்குச் சேராது, வயிற்றால் போகும்.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ்... இவை நாய்க்கு விஷம். வெங்காயம் ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும். ஆக, பிரியாணி மிச்சமும் பாயசத்து அடியும் அதற்கு வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். நமக்குக் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்கிற பாராசிட்டமாலை அன்பு மிகுதியில் நாய்க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பூனைக்கு அரை மாத்திரைகூட எமன்.

ஈரம்!

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும்... இந்த மூன்று நேரமும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். போனால் ‘சபாஷ்’ என்று தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டதா? துடையுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதால், நீங்கள் ஒரு மாதிரியான ஆள் என்பதைத் தவிர அது வேறெதையும் கற்றுக்கொள்ளாது.

கடித்துவிட்டால்...

‘நம்ம குட்டிதானே’ என்று விடக்கூடாது. பல் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைத்ததில்லை. 1885-லேயே பாஸ்டர் ஊசி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்ட நோய்க்கு, இன்றைக்கும் அலட்சியத்தால் உயிரை விடுவானேன்?

கடைசியாக ஒன்று. நாய் என்பது பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சமாசாரம். டிரான்ஸ்ஃபர் வந்தால்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால்? வருகிறவளுக்கு நாய் என்றால் ஆகாது என்றால்? இதற்கெல்லாம் பதில் இருந்தால் வாங்குங்கள். வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

சீசர் போன பிறகு, “இப்போதைக்கு வேறு குட்டி கொண்டு வராதீங்க. இந்தக் கிருமி பினாயிலுக்கெல்லாம் சாகாது, மாசக்கணக்கில் இருக்கும்” என்றார் டாக்டர். தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். ஒரு வருஷம் காத்திருந்தேன். பிறகு தெருக்கோடியில் பிறந்த ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்தது. வந்த அன்றே டாக்டரிடம் காட்டினேன். கடைசி ஊசி முடிகிறவரை பேர் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதுவரை “டேய்”தான். அப்புறம் ‘மணி’ என்று முறைப்படி நாமகரணம் செய்தோம். பிரயோஜனம் இல்லை. இன்றைக்கும் “மணி” என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். “டேய்” என்றால்தான் வருவான்.

திங்கட்கிழமை பையன் ஆபீஸுக்கு வந்தான். சட்டையில் நாய் முடியைத் தேடினேன். இல்லை.

“என்னப்பா ஆச்சு?”

“கார்டு கேட்டேன் சார். ‘நீங்க குட்டியை எடுத்துட்டுப் போங்க, கார்டை நாளைக்குத் தர்றேன்’னார். ‘அப்ப நாளைக்கே ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கறேன்’னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“புரூனோ?”

“வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கான் சார்... வேற இடத்துல, ஒன்பது வாரக் குட்டியா பார்த்துட்டிருக்கேன்!”