தரமும் உள்தணிக்கையும்

ஊர்தியின் பிரேக் ஒருமுறை பிழைத்தாலும் உயிருக்கு ஊறு நேரும். சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998ஆம் ஆண்டில் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அப்பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. பழுதான பொருள்களைப் பொறுக்கி நீக்குவதோடு நில்லாமல், பழுது பிறக்கும் இடத்தையே கண்டறிந்து களைவது தர மேலாண்மை.

அவ்விடத்தைத் தேடும் வழிகளுள் ஒன்று உள்தணிக்கை. பயிற்சி பெற்ற பணியாளர்களே, எழுதிவைத்த நடைமுறையும் தொழிற்கூடத்தில் நடப்பதும் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பர். தம் பணியைத் தாமே தணிக்கை செய்தல் ஆகாது.

கடைசல் எந்திரத்தின் அருகே ஒரு திருகு அளவி இருப்பதாகக் கொள்வோம். அதன் அளவுத்திருத்தச் சீட்டில் குறித்த நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. சிறு குறைதானே எனத் தோன்றலாம். ஆனால், அம்மூன்று மாதங்களில் அக்கருவியால் அளந்து ஏற்கப்பட்ட உறுப்புகள் அனைத்தும் ஐயத்திற்குரியவை ஆகின்றன. அவற்றுள் சில, சாலையில் ஓடும் ஊர்திகளில் ஏற்கெனவே பொருத்தப்பட்டும் இருக்கலாம். தணிக்கையாளர் அங்கு நிற்கும் தொழிலாளியைக் கடிவதில்லை. திருத்தத்திற்கு அனுப்பவேண்டிய கருவிகளின் பட்டியலில் இஃது ஏன் இல்லை என வினவுவார். புதிதாக வாங்கிய கருவியைப் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பு ஒருவருக்கும் அளிக்கப்படவில்லை என்பது அப்போது வெளிப்படும். அப்பொறுப்பை வரையறுத்த பின்னரே குறை நீங்கியதாகக் கருதப்படும்.

செய்முறைத் தேர்வுக்கு முன்னிரவில் பதிவேட்டை எழுதி முடிக்கும் மாணவரைப்போலச் சில தொழிற்கூடங்களும் உண்டு. ஒரு மாத அளவுகள் முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், தேர்ந்த தணிக்கையாளர் ஏட்டை மூடிவைத்துவிட்டு, எந்திரத்தருகே சென்று உறுப்பை அளக்கச் சொல்வார்.