வெப்ப இடமாற்றம்: மோட்டார் வாகன ரேடியேற்றரும் அதன் தாங்குதிறன் பரிசோதனையும்

கொஸ்லந்தையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பாதையில், பொனட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் லொறியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏற்றத்தில் எஞ்சின் கடுமையாக உழைக்கும். ஆனால் வேகம் குறைவதால் ரேடியேற்றரில் படும் காற்றும் குறையும். மேலும், சுமார் 1430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் வளியமுக்கம் குறைவு. எனவே திறந்த பாத்திரத்து நீர் அங்கு ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதிக்கும்.

நீர் மட்டும் போதுமா?

9 கி.கி. நீர் 20 பாகையிலிருந்து 95 பாகைக்கு வெப்பமேறுவதாகக் கொள்வோம்.
வெப்பம் = திணிவு × தன்வெப்பக்கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
= 9 × 4200 × 75 = 2 835 000 யூல்
செக்கனுக்கு 25 000 யூல் நீரைச் சேருமெனின், 113 செக்கனில், அதாவது இரண்டு நிமிடத்துக்குள், நீர் கொதித்துவிடும். ஆகவே பெற்ற வெப்பத்தை நீர் உடனுக்குடன் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். அதுவே ரேடியேற்றரின் பணி.

தேன்கூட்டு ரேடியேற்றர்

1900 இல் ஜேர்மனியின் டைம்லர் நிறுவனத்தில் வில்ஹெல்ம் மைபாக், மெர்சிடிஸ் 35 குதிரைவலு காருக்கு இதனை அமைத்தார். 6 மி.மீ. பக்கமுடைய 8070 சதுரக் குழாய்கள் ஒன்றாகப் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டன. குழாய்களுக்குள் காற்றும், அவற்றின் இடைவெளிகளில் நீரும் சென்றன. மேற்பரப்பளவு பெருகியதால், முன்பு 18 லீற்றர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லீற்றர் போதுமாயிற்று. 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில், லா டேர்பி மலையேற்றம் உட்பட, இக்கார் வெற்றி பெற்றது. அக்காலத்தில் இத்தகைய மலைப்பாதைகளே சிறந்த பரிசோதனைக் களங்களாக இருந்தன.

ஏன் பரிசோதிக்க வேண்டும்?

8070 குழாய்களுக்கு 16 140 முனைகள். ஒரு முனையின் ஒட்டு விட்டாலும் நீர் ஒழுகும். தாங்குதிறனை அறியும் முறைகள்:

1. ஒழுக்குப் பரிசோதனை: வாய்களை அடைத்து, காற்றைச் செலுத்தி, நீருள் அமிழ்த்துதல். குமிழி வரும் இடமே ஒழுக்கு.
2. வெப்பப் பரிசோதனை: சூடான நீரையும் குளிர்ந்த நீரையும் மாறி மாறிச் செலுத்துதல். விரிந்து சுருங்குவதால் ஒட்டுகள் தளர்கின்றனவா எனக் காணலாம்.
3. அதிர்வுப் பரிசோதனை: குலுங்கும் மேடையில் பொருத்தி நீண்டநேரம் அதிரச் செய்தல். இது கரடுமுரடான பாதைக்கு ஒப்பானது.
4. அமுக்கப் பரிசோதனை: அமுக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிக் குறைத்தல். இன்றைய வாகனங்களில் அமுக்க மூடி இருப்பதால் இது அவசியம்.

கவனிக்க:

• "ரேடியேற்றர்" என்ற பெயரைக் கண்டு "கதிர்வீசல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உலோகத்தினூடாகக் கடத்தலும், காற்றில் உடன்காவுகையுமே இங்கு பிரதானம்.
• அமுக்க மூடி நீரின் கொதிநிலையை உயர்த்தும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அமுக்கம் சட்டெனக் குறைந்து, நீர் கொதித்துச் சீறி முகத்தைச் சுடும். வீட்டில் வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பயிற்சி: மேற்கூறிய குழாய் ஒன்றின் நீளம் 10 செ.மீ. எனின், 8070 குழாய்களின் மொத்தப் பக்க மேற்பரப்பளவு யாது?
(விடை: ஏறத்தாழ 19.4 சதுர மீற்றர்)